உன் அம்மாவின் ஓட்டு

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இந்தத் தடவை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் பேனாவை மூடி வைத்துவிடுவேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை மும்முரம், ஒரு பஞ்சாயத்து எலெக்சனுக்காக இரண்டு நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார், "என் ஓட்டை நீங்களே யாரையாவது விட்டுப் போட்டுக்கிடுங்க" என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்தவன் நீ. அந்தக் கால் இப்போது எங்கே போயிற்று என்று கேட்டு நாலு வரி எழுதினேன், கிழித்துப் போட்டேன். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஒருவர் ஓட்டை இன்னொருவரை விட்டுப் போடுவது எப்படி என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன். அது யாருடைய ஓட்டு என்று பத்து வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை.

நீ தங்கியிருக்கும் அறையில் நம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களும் இதே மாதிரி ஒரு வரியை அவரவர் வீட்டுக்கு எழுதிப் போட்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு வரியும் விடாமல் படி.

தெரிந்துகொள்ள வேண்டியதை முதலில் சொல்கிறேன். உன் பெயர் பட்டியலில் இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசில் வைத்திருப்பதை நானே புரட்டிப் பார்த்தேன். வீட்டு நம்பர் சரி, என் பெயர் சரி, உன் வயதை மட்டும் இரண்டு கூட்டிப் போட்டிருக்கிறார்கள், உன் கல்யாணத்துக்கு என்னைவிட அவர்களுக்கு அவசரம் போலிருக்கிறது. இந்தத் தடவை கையில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள். வார்டு மெம்பருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, யூனியன் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. நாலும் நாலு நிறம். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்காது. பழகிய சின்னத்தைத் தேடிக் கண்ணை மேயவிட்டுக் குழம்பாதே, ஆளின் பெயரைப் படி. முத்திரையைச் சின்னத்தின் மேல் ஒரே ஒரு தடவை குத்து. மை காய்கிற வரைக்கும் ஊதிவிட்டு நீளவாக்கில் முதலில் மடி. ஈரத்தோடு குறுக்கே மடித்தால் மை பக்கத்து ஆள் மேல் ஒட்டிக்கொள்ளும், எண்ணுகிற இடத்தில் அதை வைத்து ஒரு சண்டை நடக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், காலையில் கதவைத் திறந்த கையோடு போய்விட வேண்டும். சாயங்காலம் மூடுகிற நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்து உள்ளே விடுவார்கள் என்பது சட்டம். ஆனால் அதுவரைக்கும் உன் ஓட்டு உனக்காகக் காத்திருக்கும் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது.

போன பஞ்சாயத்து எலெக்சன் எண்பத்தாறில் நடந்தது. மாசி மாதம், பருத்தி எடுப்பு நேரம். உனக்குப் பத்து வயது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் பெரியப்பா மகன் ராமசாமி அண்ணன், உனக்குப் பெரியப்பா முறை. இன்னொருவர் கம்பவுண்டர் என்று நாம் கூப்பிடுகிறவர், அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். பங்குனி பிறந்தால் ஊருணி வறண்டுவிடும், கிணற்றுத் தண்ணீர் உப்பு. புதிதாக ஓர் அடிகுழாய் வரப்போகிறது, அதை எங்கே இறக்குவது என்பதைத் தலைவராக வருகிறவர்தான் முடிவு செய்வார். கம்பவுண்டர் நம் தெற்குத் தெரு முக்கில் போடுவேன் என்றார். ராமசாமி அண்ணன் கோயில் பொட்டலில்தான் என்றார். பொட்டலை ஒட்டித்தான் அவர் மாட்டுக் கொட்டம். இது எனக்கும் தெரியும். ஆனாலும் பங்காளி பங்காளிதானே என்று இருந்தேன்.

எலெக்சனுக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் சூடமுமாக வீடு வீடாக வந்தார். வழக்கம் உனக்குத் தெரியும், உன் அறைப் பையன்களுக்கும் தெரியும். வீட்டு ஆம்பளை எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, எங்கள் வீட்டில் இத்தனை ஓட்டு என்று சொல்லிவிட்டால் அது சாமிக்கு முன்னால் கொடுத்த வாக்கு. நம் வீட்டில் அப்போது நான், உன் அம்மா, உன் தாத்தா, ஆக மூன்று. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு ஓட்டுண்ணே, மூணும் ஒங்களுக்குத்தான்" என்று சொல்லி ஓங்கி ஓர் அடி அடித்தேன். உன் அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றாள். அண்ணன் தெரு முக்கைத் தாண்டிய பிறகுதான் குடத்தை இறக்கினாள்.

"மூணுன்னு யாரக் கேட்டுச் சொன்னீக?"

"எல்லாம் நம்ம வீட்டு ஓட்டுதான?"

"தண்ணி எடுக்கப் போறது நானு. கொழா எங்க இருக்கணும்னு நான் சொல்லக் கூடாதா? நான் கம்பவுண்டருக்குத்தான் போடுவேன். ஒளிச்சு மறைச்சுச் செய்ய மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"சூடத்த அடிச்சாச்சு. சாமி குத்தம் ஆயிரும்."

"அடிச்சது ஒங்க கை. ஒங்க ஓட்ட நீங்க போடுங்க."

இவ்வளவுதான் சண்டை. அதற்குமேல் அவள் வளர்க்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் வளர்த்தேன். எலெக்சனுக்கு நாலு நாளைக்கு முன்னால் உன் மாமன் மகளுக்குக் காதுகுத்து என்று உன்னைக் கூட்டிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குப் போனாள். எலெக்சன் அன்றைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த வாரம் பார்த்து நம் செவலைக் காளை தீனி எடுக்காமல் நின்றது. வைத்தியர் வயிற்று உப்புசம் என்றார். நான் அதைச் சூடத்தின் வேலை என்றே நம்பினேன். மூன்று என்று சத்தியம் செய்துவிட்டு இரண்டு கொடுத்தால் காளை என்ன, வீடே படுத்துவிடும் என்று பயந்தேன். இன்றைக்கு யோசித்தால் சிரிப்பாக வருகிறது. அந்த மூன்றில் ஒன்றுதான் என்னுடையது. என்னிடம் இல்லாத பொருளைச் சாமிக்கு முன்னால் தருவதாகச் சொல்லிவிட்டு, அதைத் திருடியாவது கொடுத்தால்தான் சாமி விடும் என்று நினைத்தவன் நான்.

எலெக்சன் அன்றைக்கு ராமசாமி அண்ணனுக்கு நான்தான் பூத் ஏஜென்ட். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அறையில் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சரியான ஆள்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது வேலை. காலையில் தேநீருக்கு வெளியே வந்தபோது அண்ணன் கேட்டார்.

"ஒன் வீட்ல இன்னும் வரலையாடா?"

"வந்துருவாண்ணே."

"வந்து யாருக்குப் போடுவா? எனக்கும் காதுல விழுந்துச்சு. காரியாபட்டியில இருந்து சொந்தக்காரப் புள்ள ஒண்ணு வந்திருக்கு. விடட்டுமா?"

சரிண்ணே என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பதினோரு மணிவாக்கில் அந்தப் பெண் வந்தாள். ஆபீசர் உன் அம்மாவின் பெயரைச் சத்தமாக வாசித்தார். கம்பவுண்டருக்கு ஏஜென்டாக அவர் மருமகன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உன் அம்மாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பம்பாய்க்குப் பிழைக்கப் போன இரண்டு பேர் ஓட்டைக் காலையில் கம்பவுண்டர் ஆட்கள் வந்து போட்டபோது நான் சுவரைப் பார்த்தேன். இப்போது அவன் சுவரைப் பார்த்தான். ஆபீசர் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், "புருசன் பேருல ஒங்க பேரு போட்டிருக்கே, ஒங்க சம்சாரமா?" ஆமா சார் என்றேன். அந்தப் பெண் விரலில் மை வாங்கிக்கொண்டு, குத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உன் அம்மா வந்தாள். மத்தியானப் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மெயின்ரோட்டில் இறங்கி, கண்மாய்க் கரை வழியாக உன்னையும் இழுத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். உன்னைப் பையோடு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். சேலை முழுக்கப் புழுதி. வரிசையில் அப்போது வேறு யாரும் இல்லை. பெயரைச் சொன்னாள். ஆபீசர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டு ஆயிருச்சேம்மா" என்றார். அவளுக்குப் புரியவில்லை. பத்து விரலையும் மேஜை மேல் விரித்துக் காட்டினாள். "மையே இல்லையே சார், இப்பத்தான வாரேன்" என்றாள். அவர் நல்ல மனிதர். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள்தான் அந்த ஆள் என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் தனியாக ஒரு சீட்டுத் தருவேன், உறையில் போட்டு வைப்போம், எண்ண மாட்டோம், ஆனாலும் நீங்கள் வந்தது கணக்கில் இருக்கும் என்று விளக்கிச் சொன்னார். பிறகு கேட்டார்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

உன் அம்மா என் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ரேசன் கடையில்கூட உன்னை விட்டுத்தான் சொல்லச் சொல்லுவாள். அங்கேயும் சொல்லவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அந்தா உக்காந்திருக்காகல்ல, அவுகதான் சார். அவுகளயே கேளுங்க."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "ஏஜென்ட், இவங்க யாரு?"

காலையில் இன்னொரு பெண்ணை ஆமாம் என்றவன் நான். இப்போது இவள்தான் என்று சொன்னால் அது பொய் என்று ஆகிவிடும், போலீஸ் வரும், அண்ணனுக்கு அசிங்கம், ஊர் சிரிக்கும். இதெல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. நான் குனிந்து என் கையிலிருந்த பட்டியலில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். அவர் இரண்டாம் தடவையும் கேட்டார். இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன். தெரியாது என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு சமாதானமாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பவுண்டர் மருமகன் வாயைத் திறந்தால் பம்பாய் ஓட்டும் வெளியே வரும், அவனும் குனிந்துகொண்டான். "அடையாளம் சொல்ல ஆளில்லாம நான் என்னம்மா செய்ய?" என்றார் ஆபீசர். உன் அம்மா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். அவள் காலடிச் சத்தம் படி இறங்குகிற வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சோறு ஆக்கி வைத்திருந்தாள். எனக்குப் போட்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அதோடு முடிந்திருக்கும். மூன்றாம் நாள் பருத்திக் காட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள், "அந்த ஆபீசருகிட்ட ஒங்க பேரச் சொல்லிருக்கணும். மரியாதைக்குக் கைய நீட்டுனேன் பாருங்க, அது என் தப்பு." ராமசாமி அண்ணன் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். அடிகுழாய் கோயில் பொட்டலில் இறங்கியது. உன் அம்மா காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை, கொட்டத்துச் சாணியை மிதித்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள் மனசு கேட்காமல், "ஒன் ஓட்டும் சேந்திருந்தாலும் கம்பவுண்டரு தோத்துத்தான் இருப்பாரு" என்றேன். "செயிக்கிறதுக்கா நான் அவ்வளவு தூரம் நடந்து வந்தேன்?" என்று கேட்டாள்.

ஐந்து வருஷத்தில் அடுத்த எலெக்சன் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஞ்சாயத்தைத் தனி அதிகாரி பார்த்துக்கொண்டார். நான் திருச்சுழிக்கு எதற்குப் போனாலும், "அப்பிடியே யூனியன் ஆபீசுல எலெக்சன் எப்பன்னு கேட்டுட்டு வாங்க" என்பாள். சோப்பு வாங்கி வரச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவாள். இன்னும் வைக்கவில்லையாம் என்று நான் வந்து சொல்லுவேன். "எப்ப வச்சாலும் காலையில மொத ஆளு நாந்தான். நீங்க மட்டும் உள்ள உக்காராதீக" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எலெக்சன் இப்போதுதான் வருகிறது. நம் வார்டைப் பெண்களுக்கென்று வேறு ஒதுக்கியிருக்கிறார்கள். இருந்திருந்தால் அவளே நின்றிருப்பாளோ என்னவோ. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் ராமசாமி அண்ணன் மகன் தாம்பாளத்தோடு வந்தான். இந்தத் தடவை தலைவருக்கு அவன் நிற்கிறான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடத்தை ஏற்றி எனக்கு முன்னால் நீட்டினான். "சித்தப்பா, ஒங்க வீட்ல மூணு ஓட்டு" என்றான். உன் தாத்தாவும் இப்போது இல்லை. நானும் என் மகனும் இரண்டுதானேடா என்றேன். "தம்பி வரலைன்னா நாங்க பாத்துக்கிருவோம். சித்தி பேரும் லிஸ்டுல இன்னும் அடிக்காம இருக்கு, அதையும் வீணாக்க வேண்டாம்ல?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இலையில் சோறு மிச்சம் இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. அவன் முகம் சுண்டிப் போய்த்தான் போனான். நான் அவனுக்கே ஓட்டுப் போட்டாலும் போடுவேன், அது வேறு. நீ யாருக்குப் போட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். வந்து தெருவில் நாலு பேரிடம், முக்கியமாகக் குடம் தூக்குகிறவர்களிடம், கேட்டுவிட்டு முடிவு செய். யார் நீட்டினாலும் சூடத்தை மட்டும் அடிக்காதே.

மறுநாள் காலையில் அவள் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். யூனியன் ஆபீசில் கிளார்க் சின்ன வயசுக்காரர். பெயரை நீக்க வேண்டும் என்றதும், "எறந்தவுக பேரு இருந்தா என்னங்கய்யா, அவுக வந்து ஓட்டுப் போடவா போறாக?" என்று கேட்டார். "போட வப்பாக தம்பி" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மனுத்தாளைக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தேன். உறவு என்கிற இடத்தை மட்டும் விட்டிருந்தேன், எழுத வரவில்லை. அவர் பேனாவை வைத்து அந்த இடத்தைத் தட்டினார்.

"அவுக ஒங்களுக்கு யாரு?"

"என் வீட்டுக்காரி" என்றேன். சத்தம் கூடிவிட்டது போல, பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிளார்க் பட்டியலை எடுத்து அவள் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். கோடு காய்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். நீ கவலைப்படாதே, இப்போது தேவலை.

நான் நலம். இரண்டு மழை பெய்திருக்கிறது, கம்பு முளைத்துவிட்டது. செவலைக்கு அடுத்து வந்த காளையையும் விற்றுவிட்டேன், உழவுக்கு டிராக்டர்தான். உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், நேரில் வந்து காட்டு.

இந்தத் தடவை நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. காலையில் என் ஓட்டைப் போட்டுவிட்டு, நீ அன்றைக்குப் பையோடு நின்றாயே அந்த வேப்பமரத்தடியில் நிற்பேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எவன் வந்தாலும் உள்ளே போக மாட்டான். முதல்நாள் சாயங்காலமே பஸ் ஏறிவிடு. விடிந்து இறங்கினால் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டாம், புழுதியோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வா. இவன் யார் என்று ஆபீசர் கேட்டால் நான் சொல்கிறேன்.

அப்பா